மங்கிய மிதவைக் குழல்களைத் துலக்குதல்: ஒரு பாண்டூன் படகின் நிகழ்வு ஆய்வு

மிதவைக் குழல்களின் மேல் தட்டையான தளம் அமைந்த பாண்டூன் படகு இது. தளம் 22 அடி நீளம். அதைத் தாங்குபவை இரண்டு அலுமினியக் குழல்கள். ஒவ்வொன்றும் 25 அங்குல விட்டம், ஏறத்தாழ 6.4 மீட்டர் நீளம், 2 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தகடு. இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் நடுப்பகுதி. மே மாதம் ஏரியில் இறங்கி, அக்டோபரில் டிரெய்லரில் ஏறி, பனிக்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடக்கும் படகு. ஏரிக்கரை வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய மாதிரி என்பதால் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

கரையேறியபோது குழல்கள் இருந்த நிலை இது. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பழுப்பும் பச்சையும் கலந்த படலம். கோட்டை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை. அதற்கு மேலே ஈயம் போன்ற சாம்பல் நிறம். இடது குழலின் வெளிப்பக்கத்தில் மட்டும், மழைநீர் வழிந்த சுவர்போல மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். எப்போதோ யாரோ ஆசிட் தெளித்துப் பாதியில் கைவிட்டதன் தழும்பு. உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: கண்ணாடிபோல் மின்ன வேண்டும். கடைசியில் குழல் பரப்பில் கால்பங்குக்கு மட்டுமே அந்த மினுக்கம் கொடுக்கப்பட்டது.

பாண்டூன் படகு பிறந்த வட்டாரமும் இதுவே. 1950-களின் தொடக்கத்தில், ரிச்மண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த விவசாயி அம்ப்ரோஸ் வீரஸ், இரண்டு இரும்புக் குழல்களின் மேல் மரத்தளம் அமைத்து ஹார்ஸ்ஷூ ஏரியில் மிதக்கவிட்டார். சாதாரணப் படகைவிட இது ஆடாமல் நிற்கும் என்பது அவர் கணக்கு, அது பலித்தது. பின்னாளில் இரும்பு போய் அலுமினியம் வந்தது. துருப்பிடிக்காது என்று அலுமினியத்தைத் தேர்ந்தார்களே தவிர, மங்காது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

மங்கலுக்குள் எத்தனை அடுக்கு

அலுமினியம் ஏன் மங்குகிறது என்பதை நம் சமையலறையே சொல்லும். அலுமினியச் சட்டியில் வெறும் தண்ணீரை நாள்தோறும் கொதிக்கவைத்தால் உட்புறம் கறுக்கும். அதிலேயே புளி போட்டுக் கொதிக்கவைத்தால் வெளுக்கும். தண்ணீரில் உள்ள காரத்தன்மை உலோகத்தின் மேல் சாம்பல்நிற நீரேறிய ஆக்சைடை வளர்க்கிறது. புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது. ஏரியில் நடப்பதும் இதே வேலைதான், அடுப்பில்லாமல், மெதுவாக.

புதிதாக வெட்டிய அலுமினியம் காற்றுப்பட்ட கணத்திலேயே சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு போர்வையைப் போர்த்துக்கொள்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. உலோகத்தைக் காப்பதும் அதுவே. நீரின் பி.எச். அளவு (அமில-கார அளவுகோல், 7 நடுநிலை) 4-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்கும்வரை இந்தப் போர்வை நிலையாக நிற்கும். மினசோட்டாவின் நடுப்பகுதி ஏரிகளில் சுண்ணாம்பு கரைந்த கடினநீர். கோடைப் பிற்பகல்களில் பாசி ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து கரியமிலவாயுவை உறிஞ்சிவிடுவதால், மேல்மட்ட நீரின் பி.எச். 8.5-ஐத் தாண்டும். அப்போது இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது: ஆக்சைடு போர்வை தளர்ந்து தடித்த சாம்பல் படலமாகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு வெளியே படிகிறது. நீர்மட்டக் கோட்டில் அலை நனைத்து வெயில் காயவைக்கும் சுழற்சியும் சேர்ந்துகொள்வதால் அங்கே பட்டை கெட்டியாகிறது.

ஆகவே மங்கல் என்று ஒரே சொல்லால் அழைத்தாலும் உள்ளே நான்கு சங்கதிகள் இருக்கின்றன: உயிர்ப்படலம், சுண்ணாம்பு, ஆக்சைடு, உலோகத்திலேயே விழுந்த குழி அல்லது கீறல். முதல் மூன்றும் மேலே ஒட்டியவை, துடைக்கலாம், கரைக்கலாம். நான்காவது உலோகத்தின் இழப்பு. அதற்கு எந்த ஆசிடும் மருந்தில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருந்துக் கடைக்கு ஓடுவதுதான் இந்த வேலையில் பணம் வீணாகும் முதல் இடம்.

பிரித்தறியச் செய்த சோதனைகள் எளியவை. கட்டைவிரலால் தேய்த்துச் சோப்புநீர் விட்டால் போவது உயிர்ப்படலம். சமையல் வினிகர் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல் சாம்பலாகவே நின்றால் ஆக்சைடு. வெள்ளைப் பொடி திட்டாக எழும்பியிருந்தால் மரக்குச்சியால் சுரண்டிப் பார்க்க வேண்டும். அடியில் நகம் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் அது அரிப்பு. ஐந்தாவதாக ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பெயின்ட் கரைக்கும் திரவமான சைலீனில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பார்ப்பது. துணி பிசுபிசுத்தால் பழைய கிளியர் கோட்டிங் (நிறமற்ற காப்புப் பூச்சு) இன்னும் ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதன் மேல் ஆசிட் அடித்தால் கோட்டிங் உள்ள இடம் அப்படியே இருக்க, இல்லாத இடம் வெளுத்து, குழல் முழுக்கத் தேமல் விழுந்ததுபோல் ஆகிவிடும்.

இந்தப் படகில் கோட்டிங் எதுவும் இல்லை. ஆனால் இரு குழல்களின் அடியிலும், டிரெய்லரின் தாங்குகட்டைகள் படும் இடத்தில் மட்டும், வெள்ளைப் பொடியும் ஊசிமுனைக் குழிகளும் இருந்தன. ஏரியில் மூழ்கிக் கிடந்த பகுதி நன்றாக இருக்க, காய்ந்த நிலத்தில் உட்கார்ந்த பகுதி அரிபட்டிருந்தது. கட்டைகள் செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம். மேலே கார்ப்பெட் சுற்றியிருந்தது. கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்து வைக்க, மரத்திலிருந்து கசியும் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து கால்வனிக் அரிப்பைத் (ஈரத்தில் இரு வேறு உலோகங்கள் தொட்டால் அவற்றில் ஒன்று கரைவது) தொடங்கிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்ததே இந்த வேலையின் உண்மையான பயன். மினுக்கம் அதற்கு அடுத்ததுதான்.

குழிகளின் ஆழம் டெப்த் கேஜில் (ஆழம் அளக்கும் கருவி) 0.2 மில்லிமீட்டருக்குள் நின்றது. குழலின் ஒவ்வொரு காற்றறையையும் 2 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) அழுத்தத்தில் நிரப்பிச் சோப்புநீர் பூசிப் பார்த்ததில் குமிழி எழவில்லை. இந்தச் சோதனைக்குக் கம்ப்ரசரை நேராக மாட்டக்கூடாது. குழல் பெரிது, தகடு மெல்லியது, 10 பி.எஸ்.ஐ. போனாலே அறைத்தடுப்பு பிதுங்கலாம். சைக்கிள் பம்ப் போதும், பொறுமைதான் வேண்டும்.

ஆசிடுக்கு முன்

படகு நீரைவிட்டு ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் முதல் கழுவல் நடந்தது. ஈரமான பாசி கஞ்சிபோல் வழிந்துவிடும். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் சிமெண்ட். பிரஷர் வாஷர் 1,800 பி.எஸ்.ஐ., 25 டிகிரி விசிறி நாசில், ஒரு முழத் தூரம். ஊசிபோல் பாயும் நேர் நாசிலைப் படகில் மாட்டவே கூடாது. எழுத்து ஸ்டிக்கர் பிய்ந்துபோவதோடு, பிளாஸ்டிக் மூட்டுகளுக்குள்ளும் நீர் ஏறும்.

சில இடங்களில் வரிக்குதிரைச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. பிளாஸ்டிக் ஸ்கிராப்பரால் பெயர்த்தால் சிப்பி வந்துவிடும். அதைப் பிடித்திருந்த நார்முனைகள் கரும்புள்ளிகளாக நிற்கும். அவற்றைச் சுரண்ட வேண்டாம், ஆசிடிலும் நைலான் பிரஷிலும் போய்விடும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் உல் இரண்டும் இந்த வேலைக்கு விலக்கு. அவற்றிலிருந்து உதிரும் இரும்புத்துகள் மென்மையான அலுமினியத்துக்குள் புதைந்து, முதல் மழையிலேயே துருப்புள்ளியாகி, அதைச் சுற்றிப் புதுக்குழி தோண்டும்.

கழுவும் இடம் படகு இறக்கும் சரிவுமேடையாக இருக்கக்கூடாது. ஆசிட் கிளீனர்களில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம். அது ஏரிக்குள் போனால் பாசிக்கு உரம் போட்டதாகும். கரையிலிருந்து தள்ளி, சாய்வு ஏரிப்பக்கம் இல்லாத ஜல்லித் தரையில் டிரெய்லர் நிறுத்தப்பட்டது. கழுவிய நீர் தார்ப்பாய் வாய்க்காலில் தொட்டிக்குப் போய், சமையல் சோடாவில் நடுநிலையாக்கப்பட்ட பிறகே அகற்றப்பட்டது. மினசோட்டாவில் படகைச் சாலையில் ஏற்றும்போது வடிகால் அடைப்பான்களைக் கழற்றியிருக்க வேண்டும் என்பது சட்டம். சிப்பியும் களையும் அடுத்த ஏரிக்குப் பரவாமல் இருக்கத்தான்.

குழலைத் தாங்குகட்டையிலிருந்து தூக்காமல் முழுவேலை முடியாது. டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, குழலின் அடிப்பட்டைக்குக் கீழே ஓரடி அகலப் பலகை வைத்து, அதன்மேல் ஜாக்கி கொடுத்து நான்கு அங்குலம் மட்டும் தூக்கப்பட்டது. பலகை இல்லாமல் வெறும் தகட்டில் ஜாக்கி வைத்தால் தகடு உள்வாங்கும், பிறகு அந்தப் பள்ளத்தை எடுக்க வழியில்லை. தூக்கியபின் பாரம் மரக்கட்டை அடுக்கின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியை நம்பி அடியில் யாரும் நுழையக்கூடாது.

கீழிருந்து மேலாக

இனி அந்த வெள்ளைக் கோடுகள் எப்படி விழுந்தன என்பதைப் பார்ப்போம். காய்ந்த அழுக்குச் சுவரின் உச்சியில் ஆசிடைத் தெளித்தால் அது ஓடைபோல் ஒரே வழியில் இறங்குகிறது. போகும் வழியில் அழுக்கைக் கரைத்து வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. அடுத்த தெளிப்பும் அதே வாய்க்காலில்தான் ஓடும். மற்ற இடத்தில் ஆசிட் இன்னும் அழுக்கோடு போராடிக்கொண்டிருக்க, வாய்க்காலில் வெற்று உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கழுவிய பிறகு தெரியும் வெள்ளைக்கோடு அழுக்கு மிச்சமன்று, அதிகமாகச் சுத்தமான இடம்! மறுபடி மறுபடி ஆசிட் அடித்தாலும் அந்த வேறுபாடு போகாது. உலோகத்தைச் சீராகத் தேய்த்துத்தான் போக்க வேண்டும்.

இதற்கு மாற்று, கீழிருந்து மேலாகத் தெளிப்பது. கீழ்ப்பகுதி ஏற்கெனவே நனைந்திருப்பதால் மேலிருந்து வழிவது கோடு கிழிக்காமல் கலந்துவிடும். கழுவுவதும் முதலில் கீழே, பிறகு மேலே, கடைசியில் மறுபடி கீழே.

கிளீனர் வாங்கும்போது பெயரைவிட உட்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலம் மட்டும் உள்ளது மெதுவாக வேலைசெய்யும், கையாளலாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது அம்மோனியம் பைஃபுளோரைடு கலந்தது மூன்றே நிமிடத்தில் வெள்ளிபோல் வெளுக்கும். அந்த வேகத்துக்கு விலை உண்டு. தோலில் பட்ட ஃபுளோரைடு அமிலம் உடனே எரியாது. வலி சில மணி நேரம் கழித்துத் தொடங்கும்போது அது சதைக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அந்த வகையைத் திறக்கவே கூடாது. பட்டால் ஏராளமான நீரில் கழுவி, ஜெல் தடவி, நேரே மருத்துவமனை. இந்தப் படகுக்குப் பாஸ்பாரிக் வகையே போதுமானதாக இருந்தது.

நம்மூர் ‘பாத்ரூம் ஆசிட்’, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுண்ணாம்பை ஒரு நொடியில் தின்னும். கூடவே அதன் குளோரைடு அலுமினியத்தின் ஆக்சைடு போர்வையைத் துளைத்துக் குழி போடும். அடுப்புக் கறை போக்கும் காஸ்டிக் கரைசல் இன்னும் மோசம். உலோகமே ஹைட்ரஜன் குமிழியோடு கரைந்து கறுப்பாகும். பிளீச்சிங் கரைசலில் பாசியைக் கழுவிவிட்டு மிச்சத்தின் மேல் ஆசிட் அடிப்பவர்களும் உண்டு. அதில் கிளம்புவது குளோரின் வாயு.

அளவுகள் இப்படி அமைந்தன. ஒரு குழலின் சுற்றளவு 2 மீட்டர்; இரண்டுக்குமாகப் பரப்பு 25 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மேலே தளத்தோடு வெல்டிங் செய்த தாங்கிகள் மறைப்பதைக் கழித்தால் கைக்கு எட்டுவது 22 சதுர மீட்டர். ஒரு பங்கு கிளீனருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று தொடங்கி (தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை அல்ல), 4 லிட்டர் அடர்கரைசலில் இரண்டு சுற்றும் முடிந்து கொஞ்சம் மிச்சமிருந்தது. பம்ப் தெளிப்பான் முழுக்கப் பிளாஸ்டிக். பித்தளை நாசில் உள்ளது கூடாது. முகக்கவசம், முழங்கைவரை நியோப்ரீன் கையுறை, ரப்பர் பூட்ஸ்.

ஆசிட் எடுக்கும் முன் ஒரு தயாரிப்பு: டிரெய்லர் சட்டம் துத்தநாகம் பூசியது. கிளீனர் வழிந்தால் குழலை வெளுப்பதற்குள் துத்தநாகத்தைத் தின்றுவிடும். அவுட்போர்ட் மோட்டாரின் பெயின்ட்டும் அப்படித்தான். மோட்டாரைப் பாலித்தீனில் கட்டி, டிரெய்லரை வேலை முடியும்வரை ஒருவர் வெறும் நீரால் நனைத்துக்கொண்டே இருந்தார். இந்த வேலைக்கு இருவர் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

காலை எட்டு மணி, நிழல், தொட்டால் குளிர்ந்த உலோகம். ஒன்றரை மீட்டர் நீளத் துண்டாகப் பிரித்து, வெறும் நீரால் நனைத்து, கீழிருந்து தெளித்து, மென்மையான நைலான் பிரஷால் நீளவாக்கில் தேய்த்து, நான்கு நிமிடத்தில் கழுவி, அடுத்த துண்டு. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். இல்லையேல் மூட்டுக்கோடு தெரியும். காயவிட்டால் ஆசிட் செறிவாகி வெள்ளைத்திட்டாக உறையும். முதல் சுற்றில் ஆக்சைடு போனது, சுண்ணாம்புப் பட்டை பாதிதான் போனது. பட்டைக்கு மட்டும் இரண்டாம் சுற்று, ஒன்றுக்கு இரண்டு கலவை. செறிவைக் கூட்டுவதற்கு முன், பட்டையின் மேல் ஆசிட் நனைத்த துணியை ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துப் பார்த்தது நல்ல பலன் தந்தது. வழியாமல் பட்டையில் மட்டும் வேலைசெய்கிறது.

கழுவி முடிந்ததும் 10 லிட்டர் நீருக்கு அரைக்கிலோ சமையல் சோடா கரைத்துக் குழல் முழுக்கத் தெளித்து, மீண்டும் நல்லநீர். வெல்டிங் வரிப்பள்ளங்களிலும் தாங்கிகளின் மூலைகளிலும் பி.எச். தாள் வைத்துப் பார்த்து, 7-க்கு அருகில் வந்த பிறகே நிறுத்தப்பட்டது. மறுநாள் மாவுபோல் வெள்ளை பூத்தால் கழுவல் போதவில்லை என்று அர்த்தம். இந்தப் படகில் ஒரு தாங்கிக்கடியில் மட்டும் அப்படிப் பூத்தது.

எவ்வளவுக்குப் பாலீஷ்

இப்போது குழல்கள் சீரான வெண்சாம்பல் நிறம். தொட்டால் மென்மை, ஆனால் பிரதிபலிப்பு இல்லை. பெரும்பாலான படகுகளுக்கு வேலை இங்கேயே முடிந்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதும் இந்தத் தகடு கண்ணாடியாக இருந்ததில்லை. உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்த தகட்டின் மங்கிய பளபளப்பே அதன் இயல்பு. நீருக்கடியில் கிடக்கும் பகுதியில் கண்ணாடி மினுக்கம் ஏற்றினால் அடுத்த ஆகஸ்டுக்குள் பாசி மூடிவிடும். மீன்களுக்கு அதைப் பற்றிக் கருத்து ஏதுமில்லை.

எனவே கூம்பு மூக்குகளும், நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்பக்கமாகத் தெரியும் கால்வட்டமும் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அரை மீட்டர் அகலம், இரு பக்கம், மொத்தம் ஆறு சதுர மீட்டர் சுமார். வெள்ளைக்கோடுகள் இருந்ததும் இந்தப் பகுதியில்தான்.

கோடுகளைப் போக்க 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 600, 800, 1,000 வரை போக வேண்டியிருந்தது. கோடில்லாத வலது குழலுக்கு 600 போதுமான தொடக்கம். ஒவ்வோர் எண்ணுக்கும் திசை மாறும்: 400 நீளவாக்கில் என்றால் 600 குறுக்கே, 800 மறுபடி நீளவாக்கில். குறுக்கே தேய்க்கும்போது முந்தைய கீறல் முழுக்க மறைந்ததா என்று டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதில் அவசரப்பட்டு ஓர் எண்ணைத் தாண்டினால், பஃபிங் (சுழலும் துணி வீலால் மினுக்குவது) முடிந்து மினுங்கும்போது அந்தக் கீறல் பத்து மடங்கு எடுப்பாகத் தெரியும், திரும்பவும் முதலிலிருந்து. படகுத்துறையில் உரசிய ஆழமான கீறல்களைத் துரத்தக்கூடாது. இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் அழகுக்காக எடுத்த உலோகம் திரும்பி வராது. வெல்டிங் வரியைச் சமமாக்குவதும் அதே வகைத் தவறு. அது வலுவுக்காக இருப்பது, கையால் துடைத்தால் போதும்.

பஃபிங்குக்கு 8 அங்குலக் காற்றுமடிப்புத் துணி வீல், வேகம் மாற்றக்கூடிய பாலிஷர், 2,000 முதல் 2,400 சுற்று. இந்த வேகத்தில் வீலின் விளிம்பு நொடிக்கு 23 மீட்டர் போகிறது, போதும். பட்டறையில் கிடக்கும் நாலரை அங்குல ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடுவது. அதில் இந்த வீலை மாட்டினால் வீல் சிதறும். இரும்பு அரைத்த கிரைண்டரையும் துணியையும் இந்தப் பக்கம் கொண்டுவரக்கூடாது. இரும்புத்துகளும் அலுமினியத் தூளும் பொறியும் ஒரே இடத்தில் சேருவது நல்லதல்ல.

முதல் கட்டம் விறைப்பேற்றிய மஞ்சள் வீலில் பழுப்பு டிரிப்போலி கட்டி (மெழுகில் குழைத்த பாலீஷ் பொடி). இரண்டாம் கட்டம் மென்மையான வெள்ளைப் பருத்தி வீலில் பச்சைக் கட்டி. ஒரு கட்டிக்கு ஒரு வீல். பழுப்பு பட்ட வீலில் பச்சையை ஏற்றினால் இரண்டும் கெட்டது. கட்டியைச் சுழலும் வீலில் இரண்டு நொடி வைத்தால் ஓர் ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் காணும். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்: மினுக்கம் வரவில்லை என்று மேலும் கட்டி ஏற்றுவார்கள். அதிகமான மெழுகு உலோகத்தின் மேல் தார்போல் கறுத்து இழுபடும். வீல் அதன் மேல் வழுக்குமே ஒழிய வெட்டாது. மருந்து, வீலை ரேக் கொண்டு சீவிச் சுத்தம்செய்து, கட்டியில்லாமல் அதே இடத்தில் ஓட்டுவது. கறுப்பு தானாக எழும்பிப் போகும்.

வீல் சுழலும் திசைக்கு எதிராக இழுத்தால் வெட்டும், திசையோடு போனால் மினுக்கும். முதல் கடப்பு எதிராக, கடைசிக் கடப்பு திசையோடு, அழுத்தமே இல்லாமல் பாலிஷரின் சொந்தக் கனத்தில். புறங்கையால் தொட்டுப் பார்க்கும்போது சூடு தாங்கவில்லையென்றால் நகர்ந்துவிட வேண்டும். சூடேறினால் கட்டி தீய்ந்து ஒட்டும், மெல்லிய தகடு அலைபாயும். தாங்கிகளுக்கும் பக்கப்பட்டைகளுக்கும் அருகில் வீல் விளிம்பைவிட்டு வெளியே சுழல வேண்டும். விளிம்புக்குள் சுழன்றால் கொக்கிபோல் மாட்டி மெஷினைக் கையிலிருந்து பிடுங்கும்.

பேப்பர் தேய்ப்பும் பஃபிங்கின் இரண்டு கட்டமும் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆறு சதுர மீட்டர், 12 மணி நேரம். இதே கணக்கில் 22 சதுர மீட்டருக்கும் செய்திருந்தால் ஒரு வாரம் தோள் தூக்க முடியாது.

மிச்சமுள்ள மெழுகைச் சோளமாவு தூவி மைக்ரோஃபைபர் துணியால் உருட்டி எடுத்து, பின் மினரல் டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தாயிற்று. எண்ணெய்ப் பசையுள்ள துணிகளைக் குவியலாக விடாமல் மூடியுள்ள தகரடப்பாவில் போட வேண்டும்.

மேல்பூச்சு

ஆசிட் பட்ட உலோகமும் பாலீஷ் செய்த உலோகமும் அம்மணமானவை. பாதுகாப்புப் பூச்சு தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் உழைப்பில் கழிவு. மினுக்கிய பகுதிக்கும் வெளுத்த பகுதிக்கும் சைலீனில் கரைந்த அக்ரிலிக் கிளியர் கோட்டிங் தேர்ந்தெடுக்கப்பட்டது. படகுக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஷார்க்ஹைடும் சைலீனில் கரைந்த கிளியர் கோட்டிங்தான். பூசும் முன் பரப்பை மறுபடி சைலீனால் துடைத்துக் காயவிட வேண்டும். விரல்ரேகைகூடப் பூச்சுக்கடியில் நிரந்தரமாகிவிடும். நூல் உதிராத துணியில் தோய்த்து, பிழிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிற்காமல் ஒரே இழுப்பு. சில நிமிடத்தில் காய்வதால் திரும்பிப் போய்த் தொட்டால் தழும்பு விழும். மெல்லியதாக இரண்டு கோட் போதும். சைலீன் ஆவிக்குத் துணி மாஸ்க் உதவாது, கரிம ஆவி வடிகட்டி உள்ளது வேண்டும்; கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஹீட்டர் எரியக்கூடாது.

கார் மெழுகு மலிவு, நீரில் சில வாரம்தான் நிற்கும். பருவம் முழுக்க நீரிலேயே கிடக்கும் படகுக்கு நீர்மட்டத்துக்குக் கீழே எபாக்ஸி அடிப்பூச்சும் அதன்மேல் செம்பில்லாத பாசித்தடுப்புப் பெயின்ட்டும் பொருந்தும். செம்பு ஆக்சைடு பெயின்ட்டை வெறும் அலுமினியத்தில் அடிப்பது தாங்குகட்டை செய்ததையே முழுக்குழலுக்கும் செய்வதாகும். இந்தப் படகு இனி வீட்டுத்துறையில் தூக்கி மேல் ஏற்றிவைக்கப்படும் என்பதால் பாசித்தடுப்பு தேவைப்படவில்லை.

அடுத்த அக்டோபர்

ஒரு பருவம் கழித்துக் கரையேறியபோது, நீர்மட்டத்துக்கு மேலே மினுக்கிய பகுதி அப்படியே இருந்தது. வலது மூக்கில் கயிறு உரசிய இடத்தில் மட்டும் பூச்சு போய்ச் சாம்பல் படர்ந்திருந்தது. அங்கே சைலீனால் துடைத்து, பச்சைக் கட்டியில் கைப்பாலீஷ், மறுபடி ஒரு கோட். அரை மணி நேர வேலை. நீர்க்கோட்டில் பழுப்புப் படலம் திரும்பி வந்திருந்தாலும் ஈரம் காயும் முன் சோப்புநீரில் போய்விட்டது. ஆசிட் தேவைப்படவில்லை, ஆண்டுதோறும் ஆசிட் அடிப்பவர்கள் அழுக்கோடு கொஞ்சம் குழலையும் கழுவிவிடுகிறார்கள்.

தாங்குகட்டைகளில் கார்ப்பெட்டும் பதப்படுத்திய மரமும் போய், மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக் பட்டை அறைந்த சாதாரண மரம் வந்திருந்தது. பட்டையை இறுக்கும் திருகுகள் ஸ்டெயின்லெஸ், தலை உள்ளே புதைந்தவை. அடியில் குழிகளைச் சுற்றி மார்க்கரால் போட்டிருந்த வட்டங்களை டெப்த் கேஜில் மறுபடி அளந்ததில் ஆழம் கூடவில்லை. இடது குழலின் பின்முனையில் மட்டும் ஒரு வட்டத்துக்கு அருகே புது வெள்ளைப்பொடி: அந்த இடத்தில் பழைய கார்ப்பெட்டின் கையகலத் துண்டு ஒன்று ஸ்டேப்பிள் ஊசியோடு கட்டை முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எறியப்பட்டது.